வைகாசி முகூர்த்தத்துக்கு இந்த சென்ட் வேண்டாம்

நண்பனுக்கு வைகாசியில் குடியாத்தத்தில் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “நீ போடுவியே, பேரீச்சம்பழ வாசனை வருமே, அந்த சென்ட் இப்போ விலை எறங்கியிருக்கு. வாங்கட்டுமா?” என்று கேட்டான். இரண்டு வருஷமாக அந்த சென்ட்டை, லத்தாஃபா கம்பெனியின் கம்ராவை, போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனாலும் ‘வாங்கு’ என்று வாயில் வரவில்லை.

நான் இருப்பது காட்பாடியில். வேலை ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியின் பேஸ்டிங் பிரிவில். தோல் வாசனையும் பசையின் நெடியும் சட்டையில் ஏறிவிடும். சோப்புப் போட்டுக் குளித்தாலும் விரல் இடுக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கூட வேலை செய்யும் பாய் ஒருவர், ஒரு மழைநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் தன் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை எடுத்து என் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்தார். முதலில் பட்டையும் ஜாதிக்காயும் சுரீரென்று வந்தன. ஸ்டேஷனுக்கு நடந்து போவதற்குள் அது அடங்கி, பேரீச்சம்பழமும் பொன்னிறமாகக் காய்ச்சிய சர்க்கரையும் எழுந்தன. ஆற்காட்டு மக்கன் பேடாவைப் பாகிலிருந்து எடுத்து வாயருகே கொண்டுபோனால் வருமே, அந்த நெய்யும் பாகும் கலந்த மணம். ரயிலில் வீடு வந்து சேரும்வரை மணிக்கட்டை மோந்துகொண்டே வந்தேன்.

முதலில் வாங்கியது போலி. ஒரு கடையில் 900 ரூபாய் என்றார்கள், நம்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் வெறும் ஸ்பிரிட் வாடைதான் மிஞ்சியது. அப்புறம் விசாரித்து 2,800 ரூபாய்க்கு அசல் 100 மில்லி வாங்கினேன். பாதி விலைக்குக் கீழே யாராவது கொடுத்தால் தொடவே தொடாதீர்கள்.

இந்தச் சாப்பாட்டு வாசனை சென்ட்டுகளை கூர்மாண்ட் என்கிறார்கள். 1992இல் முக்லர் கம்பெனியின் ஏஞ்சல் வந்த பிறகுதான் இந்த வகை பெரிதாகப் பரவியது. அதில் பஞ்சுமிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்டாலைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். கம்ரா 2022இல் வந்தது. கிலியான் கம்பெனியின் ஏஞ்சல்ஸ் ஷேரோடு இதை எல்லோரும் ஒப்பிடுவார்கள். அது பல மடங்கு விலை. எனக்கு அந்த ஒப்பீடு முக்கியமாகப் படவில்லை. இதில் நம் வீட்டுச் சாமான்கள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் ஆச்சரியம். இதில் கலந்த வாசனைகளின் அட்டவணையில் டியூப்ரோஸ் என்று போட்டிருப்பது நம் மாலையில் கட்டும் சம்பங்கி. பென்சாயின் என்பது சாம்பிராணி. மிர் என்பது நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைப்போளம். எனக்கு இது ஒன்றும் தெரியாத காலத்திலேயே அம்மா கண்டுபிடித்துவிட்டார். “இன்னாடா, வெள்ளிக்கிழமகூட இல்ல, சாம்பிராணி வாசன வருது?” என்று கேட்டார்.

சரி, இனி என் கோபம்.

கார்த்திகையில் தங்கம் போலிருந்த இதே சென்ட், அக்கினி நட்சத்திரத்தில் ஆளைக் கொல்கிறது. போன வருஷம் மே மாதத்தில் ஒரு காலை, வழக்கம்போல இரண்டு தடவை அடித்துக்கொண்டு காட்பாடியில் பாசஞ்சர் ஏறினேன். நல்ல கூட்டம். குடியாத்தம் வருவதற்குள் எனக்கே தலை கனத்தது. எதிரில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கிடைத்த ஜன்னலோர இடத்தை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றார். எனக்கு அழுகையே வந்தது. நாலு பேருக்கு நல்ல வாசனையாக இருக்கத்தானே போட்டேன்?

காரணம் இருக்கிறது. எலுமிச்சை இனத்து பெர்கமோட் லேசான சரக்கு; சூடு பட்டதும் நிமிஷத்தில் பறந்துவிடும். வனிலாவும் பாகும் கனமானவை, மெதுவாக எழுபவை. நல்ல குளிரில் அவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிளம்பும். நம் ஊரில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது உடம்புச் சூடும் சேர்ந்து மொத்தமாகக் கிளப்பிவிடுகிறது. அதோடு வியர்வையும் கலந்தால் கேட்கவே வேண்டாம். துபாயில் மட்டும் வெயில் இல்லையா என்று பாயிடம் கேட்டேன். “அங்க வீடு, காரு, கடை எல்லாம் ஏசி தம்பி. நம்ம மாதிரி பாசஞ்சர்ல நின்னுக்கினு போறவன் யாரு?” என்றார். அவர் வெயில் காலத்தில் இதைத் தொடுவதில்லை. சந்தன அத்தர் ஒரு துளி, காதுக்குப் பின்னால், அவ்வளவுதான்.

வருஷத்தில் நிம்மதியாகப் போட எனக்குக் கிடைப்பது ஐப்பசியிலிருந்து தை வரை. நாலு மாதத்துக்காக இவ்வளவு ஆசை வைக்க வேண்டுமா என்று சித்திரை பிறந்ததும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

ஆனால் அந்த நாலு மாதம்! கம்பெனியில் பதப்படுத்தி முடித்த தோலின் வாசனையோடு சேரும்போது கம்ரா வேறொன்றாகிவிடுகிறது. மார்கழிக் காலையில் சட்டைக் காலரில் ஒரு தடவை அடித்துக்கொண்டு போனால், மதியத்துக்கு மேல் இனிப்பு தணிந்து, தோலும் சாம்பிராணியும் பட்டையுமாக ஒரு மணம் நிற்கிறது. பதினைந்து வருஷமாக என் சட்டையிலிருந்து போக்கப் பார்த்த வாசனையை, இருக்கட்டும் என்று முதல்முறையாக நினைத்தது அப்போதுதான். இதற்காகவே நான் இதை விடமாட்டேன். வெள்ளைச் சட்டையில் மட்டும் நேராக அடிக்க வேண்டாம். வனிலா வாசனை தரும் வனிலின் அதிகமுள்ள எதுவும் நாளாவட்டத்தில் பழுப்புக் கறை விடும். பாட்டிலை அதன் அட்டைப்பெட்டியிலேயே போட்டு மர அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். நம் ஊர் இரும்பு பீரோ மே மாதத்தில் அடுப்பு மாதிரி காயும்.

நண்பனுக்கு நேற்று ராத்திரி பதில் சொல்லிவிட்டேன். வாங்காதே. வைகாசி முகூர்த்தம், ஓமப் புகை, பட்டு வேட்டி, கழுத்தில் சம்பங்கி மாலை. அதற்கு மேல் இதையும் போட்டால் தாலி கட்டுவதற்குள் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தலை சுற்றிவிடும். ரிசப்ஷன் ஏசி மண்டபத்தில்தான். அன்று சாயங்காலம் என் பாட்டிலையே கொண்டுவருகிறேன். கோட்டுக்கு உள்பக்கம் ஒரே ஒரு தடவை அடித்துவிடுகிறேன்.