உறைந்த கார்ன் டாக்: ஏர் ஃபிரையரா, எண்ணெய்ச் சட்டியா?

குச்சியில் செருகிய சாசேஜின் மீது மக்காச்சோள மாவு பூசி, உறைநிலையில் விற்கப்படும் கார்ன் டாக்கை ஏர் ஃபிரையரிலா (சூடான காற்றைச் சுழற்றிச் சமைக்கும் மின்கருவி), எண்ணெய்ச் சட்டியிலா சமைப்பது என்று தயங்கும் சேலத்துக் குடும்பங்களுக்காக இவ்வொப்பீடு.

பாதுகாப்பு
ஏர் ஃபிரையர்: எண்ணெய் தெறிக்காது. ஆனால் மேல்மாவு சிவந்த பின்னரும் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கக்கூடும் என்பதால், சமையல் வெப்பமானியைச் சாசேஜின் நடுவே செருகி, 74 டிகிரி செல்சியஸை எட்டியதா என்று பார்ப்பது அவசியம்.
சட்டி: அளவுகோல் அதுவே. மாவில் ஒட்டிய பனித்துகள் காய்ந்த எண்ணெயில் பட்டதும் ஆவியாகி எண்ணெயை வெளியே வீசும்; இந்த அபாயத்தை நான் சிறிதாகக் கருதவில்லை.

நேரம்
ஏர் ஃபிரையர்: 190 டிகிரியில், ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, இடையில் ஒருமுறை திருப்பினால், ஏறத்தாழ 10 முதல் 12 நிமிடங்கள்.
சட்டி: சற்று விரைவு.

மொறுமொறுப்பு
சட்டியே வெல்லும்.

ஏற்காட்டுக்கு எடுத்துச் செல்வோர், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வீடு சேரும் வரை இளகாதபடி பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் நடமாடும் சமையலறைக்கு ஏர் ஃபிரையர் பொருந்தும். விருந்தினர் பலர் காத்திருக்கையில், அதன் சிறு கூடையை நம்புவதைவிட, பொறுப்பான ஒருவர் அருகில் நிற்கச் சட்டியை ஏற்றுவதே நடைமுறைக்கு உகந்தது.