வாட்ஸ்அப் பிசினஸ்: ரியல் எஸ்டேட் ஏஜென்ட் வழியாக வேலை பிடிக்க உதவுமா?

வீடு வாங்குபவர், விற்பவரிடம் ஒரு ரிப்பேர் கான்ட்ராக்டரைக் கைகாட்டும் ஏஜென்ட், தன் பெயரையே பணயம் வைக்கிறார். விற்பனை தள்ளிப்போகாமல் சொன்ன நாளில் வேலையை முடிக்கும் ஆள்தான் அவருக்குத் தேவை. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று காட்ட வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலி தாராளமாகப் போதும்.

கேட்டலாக்கில், அதாவது உங்கள் வேலைகளைப் படத்தோடு காட்டும் பட்டியலில், 500 பதிவுகள் வரை போடலாம். பத்து போதும். நீர்க்கசிவு, பெயின்ட் டச்-அப், இறுகிப் பிடிக்கும் கதவு, டைல்ஸ் இடுக்கு என்று வீடு கைமாறும் முன் வரும் சின்ன வேலைகளாக இருக்கட்டும். ஒரே கோணத்தில் முன்-பின் படம், ஆகும் நாட்கள், இரண்டும் கட்டாயம். இடத்தைப் பார்க்காமல் விலை மட்டும் போட்டால் பின்னால் தகராறுதான்.

சாட்களை வகை பிரிக்க ஒட்டும் லேபிள்தான் இதன் உண்மையான பலம். ‘மதிப்பீடு அனுப்பியது’, ‘வேலை நடக்கிறது’, ‘முடிந்தது, ஏஜென்டுக்குச் சொல்லணும்’ என மூன்று வைத்தால் போதும். கடைசி லேபிளைத்தான் பலரும் விடுகிறார்கள். தான் அனுப்பிய வாடிக்கையாளர் என்ன ஆனார் என்றே தெரியாத ஏஜென்ட் அடுத்தவரை அனுப்பமாட்டார்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை. ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். நேரில் பார்த்து எண்ணைப் பதியவைக்காமல் அனுப்பினால் வீண். தினமும் ‘காலை வணக்கம்’ அனுப்பினால் பிளாக்தான்!

குறை: எந்த ஏஜென்ட் எத்தனை வேலை தந்தார் என்ற கணக்கு இதில் வராது, தனியாக எக்செல் வேண்டும். ஏஜென்டுக்குக் கமிஷன் தரும் பேச்சையும் சாட்டில் தொடங்காதீர்கள். அது சட்டப்படி செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள்.