ஆர்கானிக் மேப்ஸ்: நகரத்துக்குள் பச்சையைத் தேடுகிறவர்களுக்கான வரைபடம்

பெரிய நகரத்தில் மரமும் தண்ணீரும் இருக்கிற இடங்களைத் தேடிப் போக எந்தச் செயலி நல்லது என்று யார் கேட்டாலும் நான் ஆர்கானிக் மேப்ஸைத்தான் சொல்கிறேன். இலவசம். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. வரைபடத்தை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே இல்லாமல் வழி காட்டும். இவையெல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு.

கடைகளையும் உணவகங்களையும் முன்னிறுத்தும் வரைபடங்களில், விற்க ஒன்றும் இல்லாத இடம் கண்ணில் படுவதே அரிது. பெயர்ப்பலகை இல்லாத குட்டைக்கும், இரண்டு தெருக்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் தோப்புக்கும் நட்சத்திரம் போட யாரும் மெனக்கெடுவதில்லை. ஆர்கானிக் மேப்ஸ் 2021ல் வந்தது. அது காட்டும் வரைபடமோ, 2004ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து சேர்த்தது. கால்நடையாகப் போனவர்களின் கை அதில் படிந்திருப்பது பார்த்ததுமே தெரியும். கார் போக முடியாத ஒற்றையடிப்பாதை, படிக்கட்டு, சின்ன நடைபாலம், பெஞ்சு, குடிநீர்க் குழாய் என்று நடக்கிறவருக்கு வேண்டியதெல்லாம் அதில் ஏறியிருக்கும்.

தேடல் பெட்டியில் 'பூங்கா' என்று அடித்துப் பார்ப்பதோடு நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் தெரிந்த பூங்காக்கள்தான் வரும். வரைபடத்தைப் பெரிதாக்கி மெதுவாக நகர்த்திக்கொண்டே பார்க்க வேண்டும். நான் மனதில் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் ஏன் யாரும் கட்டடம் கட்டவில்லை? நகரத்தில் பச்சை மிஞ்சியிருக்கும் இடங்களில் பெரும்பாலும் கட்ட முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கும். ஆறு பெருகினால் தண்ணீர் ஏறும் தாழ்வான கரை, உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே விட்டிருக்கும் நீளமான நிலம், குடிநீர் ஏரியைச் சுற்றிய வளாகம், சதுப்பு. நீல நிறத்தில் மெல்லிய கோடு ஓடி, அதன் ஓரமாகவே பாதைக்கான புள்ளிக்கோடும் போனால் அந்த இடத்தை உடனே குறித்து வைத்துவிடுவேன்.

பழைய ரயில் தடங்களைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ரயிலால் சட்டென்று திரும்ப முடியாது. அதனால் தெருக்களெல்லாம் செங்கோணத்தில் மடங்குகிற பகுதியில் ஒரு பாதை மட்டும் நீண்டு, மெல்ல வளைந்து, எதையும் சட்டை செய்யாமல் போனால் அங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியிருக்கலாம். லண்டனின் பார்க்லேண்ட் வாக் அப்படிப்பட்டது. ஃபின்ஸ்பரி பார்க்குக்கும் அலெக்சாண்ட்ரா பேலஸுக்கும் இடையில் 1954 வரை பயணிகள் ரயில் போன தடம், 1984ல் நடைபாதையாகத் திறக்கப்பட்டது. பழைய நடைமேடைகள் இன்னும் அப்படியே நிற்கின்றன, சுற்றிலும் மரங்கள். சிங்கப்பூரில் 2011ல் ரயில் நின்றுபோன தடம் 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாகியிருக்கிறது. இரண்டையும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவையுங்கள். உங்கள் ஊரில் அதே வளைவு தென்பட்டால் கண் தானாக நிற்கும்.

பழைய கல்லறைத் தோட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேல் யாரும் வெட்டாத மரங்கள் அங்கே இருக்கும். லண்டனில் 1840ல் திறந்த ஏப்னி பார்க் கல்லறைத் தோட்டம் இன்று இயற்கைக் காப்பிடம். ஆனால் அது இறந்தவர்களின் இடம், உறவினர்கள் வந்து நிற்கும் இடம். சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்தவர்கள் மட்டும் போனால் போதும்.

நான் பெரும்பாலும் அக்காவோடுதான் நடக்கிறேன். அவளுக்கு முழங்கால் வலி. கொஞ்ச தூரத்துக்கு ஒரு பெஞ்சு வேண்டும், படி இருந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும், கழிப்பறை எங்கே என்று தெரியாமல் கிளம்பவே மாட்டாள். வழியைக் கணக்கிட்டதும் ஏற்ற இறக்கத்தைக் கோட்டுப் படமாக இந்தச் செயலி காட்டிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு "இந்தப் பக்கமா வேண்டாம்டா, அந்தப் பக்கமா சுத்திப் போவோம்" என்று அவளே முடிவு செய்கிறாள். முழங்கால் வலிக்கிறவர்களையும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களையும் ஒரு வரைபடம் இந்த அளவுக்கு நினைவில் வைத்திருப்பது பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. பேருந்து வழி சொல்லாது, மெட்ரோ மட்டும்தான். சாலை நெரிசல் தெரியாது. செயற்கைக்கோள் படம் இல்லாததால் பாதையில் நிழல் இருக்குமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வெயில் காலத்தில் கிளம்புவதற்கு முன்னால் வேறு செயலியில் மேலிருந்து எடுத்த படத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். இடங்களின் புகைப்படமோ பிறரின் கருத்தோ கிடையாது. முக்கியமான இன்னொன்று: பச்சை நிறம் என்றாலே உள்ளே விடுவார்கள் என்று அர்த்தமில்லை, கோல்ஃப் மைதானமும் பச்சைதான். வாசலில் பலகை என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். ஆளில்லாத இடங்களுக்கு முதல்முறை போகும்போது பகலில், துணையோடு போங்கள்.

வரைபடத்தின் தரம் ஊருக்கு ஊர் மாறும். ஆர்வமுள்ளவர்கள் நிறைய இருக்கும் பகுதியில் தனித்தனி மரம்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். அடுத்த பகுதியில் பெரிய ஏரி வெறும் நீலத் திட்டாக நிற்கும், கரையில் நடக்கும் பாதை இருந்தும் அதை யாரும் வரைந்திருக்க மாட்டார்கள். அதைச் சரிசெய்ய நம்மாலேயே முடியும் என்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கு இருந்தால் பெஞ்சு, குழாய், திறக்கும் நேரம் போன்றவற்றைச் செயலியிலிருந்தே சேர்க்கலாம். புதுப் பாதை வரைய மட்டும் அவர்களுடைய இணையதளத்துக்குப் போக வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியையும் போட்டுக்கொள்ளலாம். 'இந்தப் பெஞ்சுக்குச் சாய்மானம் உண்டா', 'இந்தப் பாதை மண்ணா, தாரா' என்று நிற்கிற இடத்திலேயே கேட்கும், பதில் சொன்னால் வரைபடத்தில் ஏறிவிடும். நாம் சேர்த்தது ஆர்கானிக் மேப்ஸில் உடனே தெரியாது, அடுத்த வரைபடப் புதுப்பிப்பில்தான் வரும். ஆகவே எங்காவது கிளம்புவதற்கு முந்தின நாள், வைஃபை இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள்.