தேக்கடி மூங்கில் தெப்பம்: அடுத்த முறை இதில் போங்கள்

தேனி, கம்பம் பக்கத்து ஆட்களுக்குத் தேக்கடி என்றாலே போட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, குமுளியில் ஏலக்காயும் நேந்திரம் சிப்ஸும் வாங்கிக்கொண்டு மலை இறங்குவதுதான். நானும் நாலைந்து முறை அப்படித்தான் போய் வந்திருக்கிறேன். போன அக்டோபரில்தான் முதல் முறையாகப் பெரியாறு புலிகள் காப்பகத்தின் முழுநாள் மூங்கில் தெப்பப் பயணத்துக்குப் போனேன், இத்தனை வருடம் இதை விட்டுவிட்டோமே என்று இருந்தது.

காலை 8 மணிக்குக் கூப்பிடுகிறார்கள். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை மாட்டிவிட்டு அதன்மேல் மூக்குப்பொடி தடவிவிட்டார்கள். ஒரு குழுவில் பத்துப் பேர்தான், கூட வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும். முதலில் காட்டுக்குள் நடை, அப்புறம் மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டு ஏரியில் போகிறோம். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருக்கின்றன. ஒரு கட்டையில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லாததால் நாங்கள் பக்கத்தில் போகும்வரை அது அசையவே இல்லை.

நடக்கும்போது வழிகாட்டி அண்ணன் ஒரு மரத்தடியில் நின்று, இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி என் கையில் வைத்தார். பட்டை வாசம். வயணை மரம், காட்டு இலவங்கம். தோள் உயரத்தில் பட்டை உரித்த பழைய தழும்பு, ஓரங்கள் மூடி வளர்ந்திருந்தது. "இதை உரிச்சு வித்துத்தான் தம்பி எங்க வீட்ல ஒரு காலத்துல அடுப்பு எரிஞ்சுது" என்றார். அவருடைய அப்பா காலத்துக் கதை அது.

அதுதான் இங்கே முக்கியமான விஷயம். 1990களின் கடைசியில் வனத்துறை, திருட்டுத்தனமாக வயணைப் பட்டை எடுத்துக்கொண்டிருந்த இருபத்துச் சொச்சம் பேரைக் கூப்பிட்டுப் பேசி, அவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலாகவும் மாற்றியது. காட்டில் தங்கி நடக்கும் 'டைகர் டிரெயில்' பயணம் அப்படித்தான் வந்தது. எந்தத் தடத்தில் யார் வருவார்கள், எங்கே ஒளிவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாததா? மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்களும் இங்கே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். 2002இலிருந்து வசந்த சேனை என்று உள்ளூர்ப் பெண்கள் கூலி வாங்காமலே காட்டில் ரோந்து போகிறார்கள். இதையெல்லாம் கேட்டபிறகு, போட் டிக்கெட்டைவிடப் பல மடங்கு கொடுத்தது எனக்கு வலிக்கவே இல்லை. காசு இந்தக் காட்டோரத்து வீடுகளுக்குப் போகிறது. அதனால்தான் ஒரு கிளை முறிந்த சத்தத்துக்கே அவர்கள் நின்று காது கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

என்ன பார்த்தோம்? எதிர்க்கரையில் குட்டியோடு ஒரு யானைக் கூட்டம், காட்டெருமைகள், ஒரு மலையணில். புலி பார்க்க வேண்டும் என்றே கிளம்பினால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் இது சரிப்படாது.

ஒரே ஒரு கசப்பு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஏஜென்ட்டிடம் பட்டது. "தெப்பமெல்லாம் ஃபுல், ஜீப் சஃபாரி போங்க" என்றார், நேரில் போய்க் கேட்டால் இடம் இருந்தது. நாங்கள் தங்கிய விடுதியும் வாசலில் 'ஈகோ' என்று பச்சைப் பலகை மாட்டிவிட்டு ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் வைத்தது, வேலைக்கு இருந்தவர்களில் ஒருவர்கூட உள்ளூர் இல்லை. அதனால் அறை எடுக்கும்முன் வேலை செய்பவர்கள் எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளூர்க் குடும்பங்களே நடத்தும் வீட்டுத் தங்கல்கள் குமுளியில் நிறைய இருக்கின்றன.

பதிவை ஏஜென்ட் வழியாகச் செய்யாமல் வனத்துறையிடமே முன்கூட்டிச் செய்துவிடுங்கள். சபரிமலை சீசனில் குமுளி முழுக்க வண்டிதான், அதைத் தவிர்ப்பது நல்லது. பளிச்சென்ற சட்டை வேண்டாம், பச்சையோ காக்கியோ போதும். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.