பக் நாயோடு ஏழு வருஷம்: வாங்க நினைப்பவர்களுக்கு

மதுரையில் எங்கள் வீட்டுக்கு மணி வந்து ஏழு வருஷம் ஆகிறது. பக், ஆண், இப்போது எடை எட்டு கிலோ. 2003-ல் ஹட்ச் (பிறகு வோடஃபோன் என்று பெயர் மாறிய செல்போன் கம்பெனி) விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடி வந்ததே, அதே இனம்தான். இன்றைக்கும் எங்கள் தெருவில் இவனுக்கு ‘வோடஃபோன் நாய்’ என்றுதான் பெயர்.

குட்டை முடிதானே, கொட்டாது என்று நம்பி வாங்கினேன். வருஷம் முழுக்கக் கொட்டுகிறது. சந்தன நிறப் பக்குகளுக்குப் பெரும்பாலும் மேல்முடிக்கு அடியில் மெல்லிய முடி இன்னொரு அடுக்காக இருக்கும், அதுதான் சோபா, பாய், கருப்புப் பேன்ட் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. வாரம் மூன்று தடவை ரப்பர் பிரஷ் போட்டால் சமாளிக்கலாம். சரி, அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். பக்குக்கோ முகம் தட்டை, மூக்குத் துளை சின்னது, உள்ளே மெல்லண்ணமும் (வாயின் மேல்புறம் பின்னால் இருக்கிற மெத்தென்ற சதை) நீளமாக இருந்து காற்றுப் போகிற வழியை அடைக்கும். இது எனக்குப் புரிந்தது இரண்டாவது வருஷம் கத்திரியில்தான். காலை எட்டரைக்கு நடக்கக் கூட்டிப்போய்த் திரும்பியதும் வாசலிலேயே சரிந்து படுத்துவிட்டான், நாக்கு கருஞ்சிவப்பு, மூச்சு கர் கர்ரென்று இழுக்கிறது. “தூக்கிட்டு ஓடாதடா, முதல்ல தண்ணிய ஊத்து” என்று அம்மா கத்தியதால் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேனுக்கு அடியில் வைத்து, அப்புறம்தான் டாக்டரிடம் கொண்டுபோனோம். அந்த வரிசைதான் சரி என்று அவரும் சொன்னார். அன்றிலிருந்து காலை ஐந்தரை, இரவு எட்டு, அவ்வளவுதான். கழுத்துப் பட்டையும் கிடையாது, மார்பில் மாட்டுகிற ஹார்னஸ்தான்.

மூக்குக்கு மேல் இருக்கிற மடிப்பை தினமும் துடைத்து ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும், விட்டால் புண்ணாகி நாறும். கண் துருத்திக்கொண்டிருப்பதால் சீக்கிரம் அடிபடும். கண்ணைச் சுருக்கினாலோ தேய்த்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. இந்த இனத்துக்குச் சொல்கிற எடை 6.3 முதல் 8.1 கிலோ. அப்பா தட்டிலிருந்து இட்லி போட்டுப் போட்டு மணி பத்து கிலோவைத் தொட்டான், குறட்டையும் கூடியது. எடையைக் குறைக்க எட்டு மாசம் ஆனது.

இத்தனைக்கும் இவனைப்போல் ஒட்டிக்கொள்கிற நாயை நான் பார்த்ததில்லை. அதிகம் குரைக்க மாட்டான், குழந்தைகளிடம் அவ்வளவு பொறுமை. அப்பா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மூன்று வாரமும் கட்டில் காலடியை விட்டு நகரவில்லை.

ஆனால் குட்டி வாங்கப் போனால் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மூக்குத் துளை நன்றாகத் திறந்திருக்கிறதா பாருங்கள், தாய் நாயையும் காட்டச் சொல்லுங்கள். குட்டியைக் கொஞ்ச நேரம் விளையாடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். விழித்திருக்கும்போதே குறட்டைச் சத்தம் வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்தில் வாங்க வேண்டாம்.