செரிமானத்தைப் பிள்ளைகளுக்கு எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது: சுவர்ப்படமா, டி-ஷர்ட்டா, ஸ்டாக்கிங்கா, கஞ்சியா?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஓர் ஆள் உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து கொடுத்து, "சாப்பிட்ட இட்லியும் குடித்த தண்ணீரும் எங்கெங்கே போகுது, வரைஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று தவறுகள் வரும். தொப்புளைச் சுற்றி ஒரு பெரிய பை வரும், அதுதான் வயிறு. அந்தப் பையின் அடியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கும், ஒன்றில் மலம், மற்றதில் சிறுநீர். மூன்றாவது தவறு படத்தில் தெரியாது, வாயைக் கிளறினால்தான் வரும்: "உள்ளே போய் நல்லா அரைபடும், அதுதான் செரிக்கிறது."

செரிமானப் பாடத்துக்குப் பல கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இந்த மூன்று தவறுகளில் எதை எந்தக் கருவி உடைக்கிறது என்பதுதான் இங்கே அளவுகோல். அழகும் விலையும் அதற்கப்புறம்.

சுவர்ப்படமும் பிளாஸ்டிக் உடல் மாதிரியும்

சுவர்ப்படம் மலிவு, எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, உறுப்புகளின் பெயரைச் சொல்லிக்கொடுக்கப் போதும். ஆனால் கல்லீரலும் கணையமும் குழாயோடு ஒட்டியே வரையப்பட்டிருப்பதால், உணவு அவற்றுக்குள்ளும் புகுந்து போகிறது என்று நிறையப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சிக்கல், "பெருங்குடல்: நீரை உறிஞ்சும்" என்று அம்புக்குறி போட்டு எழுதியிருப்பது. பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. நாம் குடிப்பதும் உடலே சுரப்பதுமாக நாளொன்றுக்குச் சுமார் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்கு வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். பெருங்குடலுக்குப் போய்ச் சேருவது ஒன்று, ஒன்றரை லிட்டர்தான்.

உறுப்புகளைக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இரைப்பை விலா எலும்புகளுக்குக் கீழே இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும், கணையம் அதன் பின்னால் ஒளிந்திருப்பதையும் இதைப்போல வேறு எதுவும் காட்டாது. முதல் தவறுக்கு நல்ல மருந்து. ஆனால் சிறுகுடல் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருக்கும். அது ஒரு நீண்ட குழாய் என்பது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

டி-ஷர்ட்டும் சேலைத் துண்டும்

பழைய டி-ஷர்ட்டில் ஃபெல்ட் துணியால் வெட்டிய உறுப்புகளை வெல்க்ரோ வைத்து ஒட்டுவது ஒரு வழி. பலர் இதற்கு ஏப்ரன் வாங்குகிறார்கள். டி-ஷர்ட்டே மேல், ஏனென்றால் அதற்கு முதுகு உண்டு. சிறுநீரகங்கள் இரண்டையும் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி ஒட்டிவிட்டால், முன்பக்கம் உணவுப்பாதை ஒற்றைக் குழாயாக வாயில் தொடங்கி மலவாயில் முடிவது பளிச்சென்று தெரியும். தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய், ரத்தத்தைச் சிறுநீரகம் வடிகட்டிய பிறகே சிறுநீர் ஆகிறது என்று பிள்ளையைத் திருப்பி நிறுத்திக் காட்டலாம். இரண்டு குழாய்த் தவறை இத்தனை சுலபமாக வேறெதுவும் உடைப்பதில்லை.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. எதிரே நின்று ஒட்டுபவர் கல்லீரலைத் தன் வலப்பக்கம் ஒட்டிவிடுவார். அது போட்டிருக்கும் பிள்ளையின் இடப்பக்கம் ஆகிவிடும். டி-ஷர்ட்டை மாட்டுவதற்கு முன்பே உள்ளே "வலது", "இடது" என்று மார்க்கரில் எழுதிவையுங்கள். கல்லீரல், பித்தப்பை, குடல்வால் மூன்றும் வலது. இரைப்பை இடது.

நீளத்துக்குப் பலர் கயிறு பிடிக்கச் சொல்கிறார்கள். கயிற்றில் அகலம் தெரியாது, அதனால் கிழிந்த பழஞ்சேலைதான் சரி. ஐந்தரை மீட்டர் சேலையிலிருந்து 8 சென்டிமீட்டர் அகலத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை கிழித்து ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால், ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் கிடைக்கும். பெரியவர்களின் சிறுகுடல் கிட்டத்தட்ட அந்த அளவுதான். மிச்சத் துணியில் 20 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டைத் தைத்தால் பெருங்குடல். "சிறு", "பெரு" எல்லாம் அகலத்தைப் பார்த்து வைத்த பெயர், நீளத்தைப் பார்த்து அல்ல என்பது பிள்ளை கையாலேயே புரிந்துவிடும். பிறகு இரண்டையும் ஒரு சின்ன அட்டைப்பெட்டிக்குள் மடித்து அடைக்கச் சொல்லுங்கள். குடல் ஏன் சுருண்டு கிடக்கிறது என்று விளக்கவே வேண்டியதில்லை.

சிறுகுடலின் நீளம் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள், ஏனென்றால் புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறும். 5 மீட்டர், 7 மீட்டர், 7.5 மீட்டர் என்று எல்லாம் உண்டு. உயிரோடிருக்கும்போது குடல் தசைகள் இறுகியிருப்பதால் நீளம் குறைவு, இறந்த உடலில் தளர்ந்து நீண்டுவிடும். எங்கே, எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது என்று சொன்னால் போதும். "உள்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு" என்ற பழைய வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டபோது உணவுப்பாதையின் உள்பரப்பு சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. அரை பேட்மின்டன் மைதானம்கூட இல்லை.

ஸ்டாக்கிங் சோதனை

இணையத்தில் அதிகம் சுற்றுவது இதுதான். ஜிப்லாக் கவரில் ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட், கால் டம்ளர் தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசைவார்கள். கவர்தான் இரைப்பை. பிறகு மூலையை வெட்டி அந்தக் கூழை நைலான் ஸ்டாக்கிங்கில் ஊற்றிப் பிழிவார்கள். தட்டில் சொட்டும் கலங்கல் தண்ணீர் "சத்து". ஸ்டாக்கிங்கில் மிஞ்சியதை ஓட்டை போட்ட பேப்பர் கப்பில் அழுத்தினால் மலம் மாதிரி வெளியே வரும். வகுப்பு ஆரவாரிக்கும்.

இதில் உருப்படியானது ஒன்று உண்டு: கூழை நகர்த்த அதன் பின்பக்கம் அமுக்க வேண்டும், அந்த அமுக்கம் அலையாக முன்னேற வேண்டும். உணவு கீழே "விழுவதில்லை", தசைகள் தள்ளுகின்றன என்பது கையில் தெரியும். அந்த அளவில் நல்லது.

மற்றபடி, மூன்றாவது தவறை இது உடைக்காமல் ஊட்டி வளர்க்கிறது. பிசைவதும் பிழிவதும்தான் செரிமானம் என்று பிள்ளை வீட்டுக்குப் போகும். உணவை எவ்வளவு நைசாக அரைத்தாலும் அது மாவுச்சத்தாகவே இருக்கும், ரத்தத்துக்குள் போகாது. நொதிகள், அதாவது என்சைம்கள், அதைச் சிறு சர்க்கரைகளாக வெட்டியாக வேண்டும். கடைசியில் வரும் "மலம்" இன்னொரு பிழை. மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி குடல் பாக்டீரியா. மீந்த வாழைப்பழம் அல்ல.

அரைப்பதா, கரைப்பதா என்ற இந்தக் கேள்வி விஞ்ஞானிகளுக்கே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. பிரான்ஸில் ரெயோமூர் என்ற விஞ்ஞானி 1752இல் இதற்கு ஒரு வழி சொன்னார். சிறு உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து, தான் வளர்த்த பருந்தை விழுங்கவைத்தார். குழாய்ச் சுவர் இருப்பதால் இரைப்பை அதை நசுக்க முடியாது. பருந்து குழாயைத் திருப்பிக் கக்கியபோது இறைச்சி ஓரளவு கரைந்திருந்தது. நசுக்காமலே உணவு கரைகிறது, ஆகவே இரைப்பைச் சாறுதான் வேலை செய்கிறது. ஸ்டாக்கிங்கைப் பிழிந்து முடித்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அதைவிட நல்லது, தட்டில் சொட்டிய "சத்து" மேல் ஒரு சொட்டு அயோடின் விடுவது. பிஸ்கட்டின் மாவுச்சத்து அப்படியே இருப்பதால் நீலக்கறுப்பாகும். "இன்னும் செரிக்கவே இல்லை" என்று சோதனையே சொல்லிவிடும். ஆனால் கலவையில் எலுமிச்சைச் சாறு இருக்கக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தை அழித்துவிடும், மாவுச்சத்து காணாமல் போனதுபோல ஏமாற்றும். எலுமிச்சைக்குப் பதில் வினிகர் ஊற்றுங்கள்.

கஞ்சியும் அயோடினும்

பார்க்க எளிமை, ஆரவாரம் கிடையாது. ஆனால் வேதிமாற்றத்தைக் கண்ணால் காட்டுவது இது ஒன்றுதான்.

சோறு வடித்த கஞ்சியை முழுக்க ஆறவிட்டு, ஒரு கரண்டிக்குப் பத்துக் கரண்டி தண்ணீர் விட்டு நீர்க்கவையுங்கள். ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். உமிழ்நீரின் அமைலேஸ் நொதி நன்றாக வேலை செய்யக் குளோரைடு தேவை. மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலை ஒன்றுக்குப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்தால் வெளிர் டீ நிறத்தில் இருக்கும். பிள்ளை வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிறு கப்பில் இரண்டு மில்லி உமிழ்நீர் துப்பி, எட்டு மில்லி தண்ணீர் கலக்கட்டும்.

மூன்று கப்பிலும் பத்து மில்லி கஞ்சி. முதலாவதில் இரண்டு மில்லி வெறும் தண்ணீர். இரண்டாவதில் இரண்டு மில்லி உமிழ்நீர்க் கரைசல். மூன்றாவதில் முதலில் இரண்டு மில்லி வினிகர், பிறகு அதே அளவு உமிழ்நீர்க் கரைசல். கப்புகளைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள், 37 டிகிரியைச் சுற்றி இருந்தால் சரி. வெள்ளைப் பீங்கான் தட்டில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கப்பிலிருந்தும் ஒரு சொட்டை அவற்றில் சேருங்கள். கப்புக்கு ஒரு இங்க் ஃபில்லர் தனியாக இருக்கட்டும்.

முதல் கப் கடைசிவரை நீலம். இரண்டாவது நீலத்திலிருந்து ஊதாவுக்கும், பிறகு செம்பழுப்புக்கும் மாறி, இறுதியில் அயோடினின் சொந்த மஞ்சளில் நிற்கும். எத்தனை நிமிடம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஒவ்வொருவர் உமிழ்நீரிலும் அமைலேஸ் அளவு வேறு. மூன்றாவது நீலமாகவே இருக்கும், ஏனென்றால் அமிலத்தில் அமைலேஸ் செயலிழந்துவிடும். வாயில் தொடங்கிய மாவுச்சத்துச் செரிமானம் இரைப்பையில் நின்று, சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் வந்ததும் தொடர்வது ஏன் என்பதற்கு இந்தக் கப்பே விடை. யாரும் கப்பைப் பிசையவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிக்காட்டுங்கள்.

கெடுவது எங்கே? கஞ்சி சூடாக இருந்தால் இரண்டு வகையில் ஏமாற்றும்: அதிகச் சூட்டில் நொதி கெட்டுவிடும், சூட்டில் அயோடின் நீலமும் மறைந்து ஆறியதும் திரும்பி வரும். கஞ்சி கெட்டியாக இருந்தால் ஒரு பாடவேளைக்குள் நிறம் மாறாது. முந்தின நாள் கஞ்சி புளித்திருக்கும், அந்த அமிலமே நொதியைத் தடுக்கும். இரண்டாவது கப்புக்குள் நேராக அயோடினை ஊற்றுவதும் தவறு, தட்டில் சொட்டெடுத்துப் பார்ப்பதுதான் முறை.

வெறும் சோற்றை ஒரு நிமிடம் மென்று இனிப்பைக் காணச் சொல்வது இதன் எளிய வடிவம். செய்யலாம், ஆனால் "இனிக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எல்லாப் பிள்ளைக்கும் இனித்துவிடும்.

இந்தச் சோதனை உறிஞ்சுதலைக் காட்டாது. அதற்கு மெல்லிய பாலித்தீன் பை ஒன்றில் நீர்த்த கஞ்சியைக் கட்டி, வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, அயோடின் கலந்த தண்ணீரில் அமிழ்த்துங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் உள்ளே நீலமாகும், வெளியே ஆகாது. சின்ன அயோடின் மூலக்கூறு உள்ளே புகுந்தது, பெரிய மாவுச்சத்து வெளியே வர முடியவில்லை. வெளியேயும் நீலமானால் பை ஓட்டை, அல்லது கழுவியது போதாது. குடற்சுவர் வெறும் சல்லடை அல்ல, குளுக்கோஸைத் தாங்கிச் செல்ல அதற்குத் தனிப் புரதங்கள் உண்டு என்பதை எட்டாம் வகுப்புக்கு மேலே சேர்த்துச் சொல்லலாம்.

பித்தநீருக்கு இரண்டு சின்னப் பாட்டில், இரண்டிலும் தண்ணீர், பத்துச் சொட்டு நல்லெண்ணெய், ஒன்றில் மட்டும் பித்தநீருக்குப் பதிலாக இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால் வித்தியாசம் தெரியும். பித்தநீர் கொழுப்பைச் செரிப்பதில்லை, நொதிக்கு எட்டும்படி துளிகளாக உடைக்கிறது.

அனிமேஷன் வீடியோ குடலுறிஞ்சிகளை, அதாவது சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருப்பவற்றை, காட்ட மட்டும் உதவும். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ளவற்றை வேறெப்படிக் காட்டுவது? ஆனால் வாயிலிருந்து மலவாய்வரை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். உண்மையில் இரைப்பையில் மட்டும் இரண்டு முதல் நான்கு மணி நேரம், பெருங்குடலில் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல்.

வயதும் நேரமும்

ஆறேழு வயதுக்கு டி-ஷர்ட்டும் சேலைக் குழாயும் போதும், நொதி வேண்டாம். எட்டிலிருந்து பத்துவரை ஸ்டாக்கிங் வைத்துக்கொள்ளுங்கள், அயோடின் சொட்டோடு மட்டும். பத்துக்கு மேல் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் தயங்காமல் கஞ்சி. நாற்பது நிமிடப் பாடவேளையில் முதலில் பாலித்தீன் பையை அமிழ்த்துங்கள், அடுத்து மூன்று கப்பையும் தொடங்குங்கள், நிறம் மாறும் இடைவெளியில் சேலையை விரியுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் உமிழ்நீரை மட்டுமே கையாள வேண்டும். பேப்பர் கப் என்றால் மூடிய குப்பைக்கூடையில் போட்டுவிடலாம். கண்ணாடிக் குழாய்களையும் ஃபில்லர்களையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துப் பிறகு கழுவுங்கள். சீருடையில் அயோடின் கறை பட்டால் எலுமிச்சைச் சாறு தேயுங்கள், போய்விடும்.