ஸ்பிரிங் மாற்றிய பிறகு பின்னால் 'டொக்' சத்தமா? ஷாக் வாங்கும் முன் படியுங்கள்

சேலத்தில் காருக்கு லோயரிங் ஸ்பிரிங் (வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்) போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது ஷாக்குக்கு (குலுக்கலைத் தணிக்கும் ஷாக் அப்சார்பருக்கு) கொடுத்த 7,400 ரூபாய் வீணாகப் போனது. அதைவிட, அந்த வண்டியில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றி இரண்டு முறை ஏற்காடு போய் வந்தேன் என்பதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

என்னுடையது பின்பக்கம் டார்ஷன் பீம் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் இரும்புப் பீம்) உள்ள சின்ன கார். ஊருக்குள் ஒரு கடையில் 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கும் அரை நாளில் மாட்டிக் கொடுத்தார்கள். கோரிமேடு தாண்டுவதற்குள் பின்னால் 'டொக்' என்றது. திரும்பிப் போனேன். "புது ஸ்பிரிங்குண்ணா, 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள். ஆகவில்லை. அடுத்த முறை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "பின் ஷாக் ரெண்டும் போயிடுச்சுண்ணா" என்று புதிதாக மாட்டிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். சத்தம் அப்படியே இருந்தது.

ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில்தான் எனக்கே ஒன்று பிடிபட்டது. இடதுபக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும் சத்தம் பலமாக வந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, "சத்தம் சக்கரம் அமுங்கும்போதா, தொங்கிட்டு திரும்ப உக்காரும்போதா தம்பி?" என்றுதான். ஆள் ஏற்றி, அமுங்கும்போது இடித்தால் பம்ப் ஸ்டாப்பை (சக்கரம் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர் கட்டையை) பார்க்க வேண்டுமாம். எனக்கு வேகத்தடை தாண்டிய பிறகுதான், அதாவது தொங்கிய சக்கரம் திரும்ப உட்காரும்போதுதான் சத்தம். வளைவிலும் உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறதல்லவா, அதே கதைதான்.

பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டார். இடது ஸ்பிரிங் கையால் திருப்பினாலே சுழன்றது! கீழே இருக்க வேண்டிய ரப்பர் சீட்டே இல்லை. இரும்பும் இரும்பும் இடித்து, பீமில் பெயிண்ட் போய்ப் பளபளத்தது. வலதுபக்கம் ரப்பர் இருந்தது, ஆனால் ஸ்பிரிங்கின் முனை அதற்கான குழியில் உட்காரவில்லை. ஷாக்கின் கீழ் போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருந்தார்கள். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு.

ரப்பர் சீட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 900 ரூபாய். சத்தம் நின்றுவிட்டது. கழற்றிய பழைய ஷாக்குகளை நல்லவேளையாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அவர் அழுத்திப் பார்த்தார், இரண்டும் ஒரே சீராக எதிர்த்தன. எண்ணெய்க் கசிவு துளியும் இல்லை.

கடையில் போய்க் கேட்டபோது, "மலை ஏத்துனா அப்படித்தாண்ணா" என்றார்கள். கம்பெனி ஸ்பிரிங்கும் ரப்பரும் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். ஷாக்குக்கு வாங்கிய பில் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். 2 ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பிக் கையை விடாதீர்கள்), ஸ்பிரிங்கைத் திருப்பிப் பாருங்கள். சுழன்றால், சரிசெய்யும் வரை மலைப்பக்கம் போகாதீர்கள்.